குட்டிக்கொம்பன் மேல்கரடு ஏறிய விதம்

புரட்டாசி முதல் சனிக்கிழமை, காலை பத்தே கால் மணி. ஒரு காட்டில் அறுபத்து நான்கு விலங்குகள் கூடியிருந்தன. அவற்றில் அறுபத்து மூன்று, நீலத் துணி போர்த்திய வண்டி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தன. மீதி ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் தீர்த்தன். அது ஒரு முள்ளம்பன்றி.

வானத்தில் மேகம் திரண்டிருந்தது. தீர்த்தனுக்கு அது போதவில்லை.

துணிக்குள் இருந்த வண்டியின் பெயர் குட்டிக்கொம்பன். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. உருவில் சிறியது, விலையில் அதைவிடச் சிறியது என்று கம்பெனி சொன்னது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியை அதுவரை புலி, சிறுத்தை வீடுகளில் மட்டுமே பார்க்க முடியும். அவை அதில் கல்யாண மண்டபத்துக்குப் போய்வரும். மண்டபத்துக்குப் போகும் வழி சமதரை. இனி முயலும் அப்படிப் போகலாம் என்பதுதான் அன்றைய விழாவின் சாரம்.

அமைச்சர் யானை வந்து நாடாவை வெட்டினார். (அமைச்சரையும் அதிகாரியையும் 'அது' என்று எழுதுவது இந்தக் காட்டில் வழக்கமில்லை.) வண்டிக்குள் அவர் நுழைய முடியாது என்பது முந்தின நாளே யாருக்காவது தோன்றியிருந்தால், அழைப்பிதழில் 'மாண்புமிகு அமைச்சர் வண்டியில் அமர்தல்' என்ற வரி இருந்திருக்காது. அவர் தும்பிக்கையை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு ஹாரனை அழுத்தினார். கைதட்டல் எழுந்தது. அமைச்சர் வண்டியில் அமர்ந்தார் என்று மறுநாள் செய்தி வந்தது.

கம்பெனி மேலாளர் நவநீதன் ஒரு கீரி. கழுத்தில் டை, காதில் மைக். "கேள்வி இருந்தா கேக்கலாம் சார்" என்றது.

முன்வரிசையில் இருந்த முயல் எழுந்தது. "எவ்வளவு குடுக்கும்?"

"லிட்டருக்குப் பதினெட்டு சார்."

"நாலு சக்கரமும் இழுத்தா?"

"பன்னிரண்டு."

"அப்ப ரெண்டை மட்டும் இழுக்க விட்டுக்கலாமா?"

"தாராளமா. பக்கத்துல ஒரு நெம்புகோல் இருக்கு. அதைத் தொடாம இருந்தா ரெண்டுதான் இழுக்கும்."

"தொடவே மாட்டேன். அப்ப அந்த மத்த ரெண்டு எதுக்கு?"

நவநீதன் இந்தக் கேள்விக்குப் பயிற்சி எடுத்திருந்தது. "இருக்குன்னு ஒரு தைரியம் சார்."

முயல் அங்கேயே முன்பதிவு செய்தது.

அடுத்துப் பின்வரிசையிலிருந்து ஒரு காட்டுப்பன்றி கையைத் தூக்கியது. தீர்த்தனோடு மலையிலிருந்து இறங்கி வந்த மாசையன் அது. "ஏனுங்க, விலை என்னாங்க?"

"ஷோரூம் விலை ஒண்ணு, ஆன்ரோடு விலை ஒண்ணு. உங்களுக்கு எது சார்?"

"எங்க ஊருக்கு ரோடே இல்லீங்க. எங்களுக்கு எந்த விலைங்க?"

கூட்டம் சிரித்தது. நவநீதனும் சிரித்தது. "நல்ல கேள்வி சார். ரோடு இல்லாத ஊருக்குத்தான் இந்த வண்டியே. இன்னும் ஒரு மணி நேரத்துல உங்க ஊருக்கே ஓட்டிக் காட்டப் போறோம்."

மாசையன் உட்கார்ந்தது. பக்கத்தில் தீர்த்தன் இன்னும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா, பெய்யுமா?"

"பெய்யணும்டா."

தீர்த்தன் மழைக்கு வேண்டிக்கொண்டதன் காரணம் பின்வருமாறு.

மேல்கரடு, அந்தக் காட்டின் உச்சியில் உள்ள ஊர். நாற்பது குடும்பம். கீழிருந்து ஏழு வளைவு ஏற வேண்டும். பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. மழைத் தண்ணீர் தன் வசதிக்கு இறங்கிய தடம் அது. வெயில் காலத்தில் கல், மழைக் காலத்தில் களி. டாக்டர் கீழே இருந்தார். மேலே யாராவது படுத்துவிட்டால், போர்வையில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, எட்டு விலங்குகள் தோள் மாற்றித் தோள் மாற்றி இறக்கும். இறங்குவதற்குள் சில நோயாளிகள் குணமாகிவிடுவதுண்டு. சிலருக்கு டாக்டரே தேவைப்படாமல் போய்விடுவதும் உண்டு.

சாலை கேட்டுத் தீர்த்தன் இருபத்திரண்டு வருடமாக மனுக் கொடுத்து வந்தது. வருடத்துக்கு ஒன்று. ஒவ்வொரு மனுவுக்கும் அலுவலகத்தில் ஒரு ரசீது தருவார்கள். அதைத் தன் முதுகில் ஒரு முள்ளில் குத்தி வைத்துக்கொள்ளும். வலப்பக்கம் பழைய ஆட்சியின் ரசீதுகள், இடப்பக்கம் புதிய ஆட்சியின் ரசீதுகள். அது நடந்து வந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். சத்தம் கேட்டதும் அலுவலகத்தில் எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

இந்த வருடம் அவசரம் கூடுதல். மகள் வெள்ளச்சி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தது. ஐப்பசிக் கடைசி என்று கணக்கு. ஐப்பசி மழையில் தூளி இறக்குவது எப்படி என்று தீர்த்தனுக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன் வெள்ளச்சியின் அம்மாவை அப்படித்தான் இறக்கியது. ஐந்தாம் வளைவுக்குக் கீழே இறக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.

இந்த வருடம் கொடுத்த இருபத்து மூன்றாவது மனுவுக்கு விடை வந்தது. விழாவுக்கு நான்கு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, காட்டுச் சாலைத் துறையின் உதவிப் பொறியாளர் ஆளவந்தார் கூப்பிட்டு அனுப்பினார். ஆளவந்தார் ஓர் உடும்பு. ஒரு கோப்பைப் பிடித்தால் விடமாட்டார் என்று துறையில் நல்ல பெயர்.

"வாங்க தீர்த்தன், உக்காருங்க. வேண்டாம், நாற்காலி கிழிஞ்சிடும். நில்லுங்க. உங்க ரோடு பாஸ் ஆயிடுச்சு."

தீர்த்தனுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. அறையில் இருந்த இரண்டு எழுத்தர்கள் வெளியே ஓடினார்கள்.

"நிதி வந்துடுச்சு. நான் கையெழுத்துப் போட்ட நாப்பதாவது நாள் ஜல்லி கொட்டியாகணும். இல்லேன்னா நிதி திரும்பிப் போயிடும். அது விதி."

"அப்ப ஐப்பசிக்குள்ள ஆம்புலன்சு மேல வந்துருங்களா?"

"ஜல்லி மேல ஏறிடும். ஒரே ஒரு சான்றிதழ் பாக்கி. 'இப்பாதையில் நான்கு சக்கர வாகனம் செல்ல இயலாது.' அதை நான்தான் தரணும். இத்தனை வருஷத்துல ஒரு வண்டியும் உங்க ஊரைத் தொட்டதில்லை. பதிவேட்டுல இருக்கு. திங்கக்கிழமை போட்டுடலாம்."

"இன்னைக்கே போட்டுடலாங்களே சாமி?"

ஆளவந்தார் மேசையின் மேலிருந்த அழைப்பிதழை நகர்த்தினார். நீல நிறம். "சனிக்கிழமை ஒரு கம்பெனிக்காரங்க உங்க பாதையிலதான் புது வண்டியை ஏத்திக் காட்டுறாங்க. காட்டுலயே மோசமான பாதை எதுன்னு கேட்டாங்க. நம்ம ஆபீஸ்லதான் சொன்னோம். நானும் அந்த வண்டியில வர்றேன். ஏறிடுச்சுன்னா, ஏறாதுன்னு நான் எப்படிங்க எழுதறது? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"ஏறலேன்னாங்க?"

"திங்கக்கிழமை காலையில வாங்க. பேனாவைத் திறந்தே வெச்சிருக்கேன்."

அன்று சாயங்காலமே மேல்கரட்டில் ஊர்க்கூட்டம் நடந்தது. பாதையில் குழி தோண்டலாம் என்று ஒரு சருகுமான் சொன்னது. புதிதாகத் தோண்ட இடம் இல்லை என்று மற்றவை சொல்லிவிட்டன. எண்ணெய் ஊற்றலாம் என்றது மாசையன். குழம்புக்கே எண்ணெய் இல்லை என்றது குப்பாயி. குப்பாயி ஒரு மந்தி. ஊரில் அதன் சொல்லுக்கு மதிப்பு உண்டு, சத்தமாகப் பேசும்.

தீர்த்தன் எழுந்தது. "ஒண்ணும் செய்ய வேண்டாம். ஒண்ணுமே செய்யாம இருந்தாப் போதும். அஞ்சாம் வளைவு களியில எந்த வண்டியும் தானா ஏறாது. நமக்குத்தான் ஒரு வியாதி இருக்கு. அதை மட்டும் அடக்கிக்கணும்."

எந்த வியாதி என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாதையில் தேர்தல் ஜீப் சிக்கும், கணக்கெடுக்கும் ஜீப் சிக்கும், கொசுமருந்து வண்டி சிக்கும். எஞ்சின் உறுமுகிற சத்தம் கேட்டதும் மேல்கரடு மொத்தமும் சட்டியை அடுப்பில் விட்டுவிட்டு இறங்கி ஓடும். சக்கரத்துக்குக் கல் வைக்கும், தழை போடும், தோள் கொடுத்துச் சேற்றிலிருந்து எடுத்து, வந்த வழியே திருப்பி அனுப்பும். யாருடைய வண்டி, எதற்கு வந்தது என்று பார்ப்பதில்லை. ஒருமுறை, ஊரைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொண்டுவந்த ஜீப்பையும் அப்படித்தான் எடுத்துவிட்டன. நோட்டீஸை வாங்கிக்கொண்டு, மோரும் கொடுத்தன.

இந்த வேலையில் தீர்த்தனுக்கு ஒரு தனிப்பங்கு. முள் காரணமாக அதன் பக்கத்தில் யாரும் நின்று தள்ள முடியாது. ஆகவே அது மேட்டில் ஏறி நின்று பாட்டுக் கொடுக்கும். அது ஒரு வரி சொல்ல, தள்ளுகிறவை 'ஏலேசா' என்று மூச்சைப் பிடித்து ஒருசேர அழுத்தும். அந்தப் பாட்டு இல்லாமல் ஒரு வண்டியும் நகர்ந்ததில்லை.

கரட்டம்மன் முன்னால் சூடம் ஏற்றி நாற்பது குடும்பமும் சத்தியம் செய்தன: சனிக்கிழமை வருகிற வண்டியை யாரும் தொடுவதில்லை.

"பாக்கவும் கூடாது" என்றது தீர்த்தன். "பாத்தா கை துறுதுறுங்கும். முதுகைக் காட்டி நில்லுங்க."

விழா மைதானத்தில் பூஜை முடிந்தது. நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டன. குட்டிக்கொம்பன் அவற்றின் மேல் ஏறி இறங்கியது. அதுவரை அது ஏறியதில் அதுவே உயரம். அமைச்சர் பேசத் தொடங்கினார். அவர் பேசி முடிப்பதற்குள் தீர்த்தனும் மாசையனும் குறுக்குவழியில் ஐந்தாம் வளைவை அடைந்துவிட்டன. மழையும் பிடித்துவிட்டது. நல்ல மழை.

"அம்மன் கண்ணைத் தொறந்துட்டா மாமா" என்றது மாசையன்.

ஐந்தாம் வளைவில் ஊர் மொத்தமும் பாதைக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றிருந்தது. வெள்ளச்சியை மட்டும் வீட்டில் விட்டு வந்திருந்தன.

பதினொன்றரைக்குக் குட்டிக்கொம்பன் கிளம்பியது. நவநீதன் ஓட்டியது. பக்கத்தில் ஆளவந்தார், மடியில் படிவம். படம் எடுக்கும் காகம் மேலே பறந்து வந்தது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு, மூன்றாம் வளைவு என்று வண்டி சிரமமில்லாமல் ஏறியது. நான்காம் வளைவில் கொஞ்சம் முனகியது. ஐந்தாம் வளைவில் அச்சுவரை களியில் இறங்கி நின்றது.

நவநீதன் நெம்புகோலை இழுத்தது. நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் சுற்றின. கம்பெனி கொடுத்த வாக்கு அதுதான், அதைக் காப்பாற்றியது. வண்டி மட்டும் நகரவில்லை.

ஆளவந்தார் பேனாவை எடுத்தார்.

தீர்த்தன் மேட்டில் முதுகைக் காட்டி நின்றபடியே சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சக்கரம் வெறுமனே சுற்றுகிற சத்தம். இருபத்திரண்டு வருடத்தில் அவ்வளவு இனிமையான சத்தத்தை அது கேட்டதில்லை.

"யாரும் தொட வேண்டாம்!" என்று நவநீதன் ஜன்னல் வழியாகக் கத்தியது. "வண்டி தானா ஏறும்! இது டெமோ!"

"நாங்க எங்கங்க தொட்டோம்?" என்றது குப்பாயி, மரத்தைப் பார்த்தபடி.

எஞ்சின் இன்னும் பலமாக உறுமியது. கரிந்த வாடை வந்தது. மாசையன் காலை மாற்றி மாற்றி நின்றது. கடைசியில் அதனால் முடியவில்லை.

"முதல் கியர்ல நிக்குது. ரெண்டாவதுல போட்டாத்தான் களியில புடிக்கும்."

"வாயை மூடுடா" என்றது தீர்த்தன்.

"பேசக் கூடாதுன்னு சத்தியம் பண்ணலியே மாமா. தொடக் கூடாதுன்னுதானே?"

"ஸ்டீரிங்கை இடக்கைப் பக்கம் ஒடிக்கச் சொல்லு" என்றது குப்பாயி. "வலக்கைப் பக்கம் பாறை இருக்கு. யாரு இவனுக்கெல்லாம் லைசன்ஸ் குடுத்தது?"

நவநீதன் இரண்டாவது கியரில் போட்டு, இடப்பக்கம் ஒடித்தது. வண்டி ஒரு முழம் ஏறி, ஒரு முழம் வழுக்கியது.

"கல்லு! பின்னாடி கல்லு!" என்று நாற்பது குடும்பமும் ஒரே குரலில் கத்தின. குப்பாயி எப்போது திரும்பியது, எப்போது கல்லை எடுத்தது என்று யாரும் பார்க்கவில்லை. பின்சக்கரத்துக்கு அடியில் கல் இருந்தது.

"குப்பாயி!" என்றது தீர்த்தன்.

"அண்ணா, நான் கல்லைத்தான் தொட்டேன். வண்டியத் தொடலை. வண்டிதான் கல்லைத் தொட்டுச்சு."

சருகுமான்கள் தழை ஒடித்து வந்து முன்சக்கரத்தடியில் போட்டன. தழையும் வண்டி ஆகாது என்று அவையே தீர்ப்புச் சொல்லிக்கொண்டன. கடைசியாக மாசையன் பின்பக்கமாகவே நடந்து போய் வண்டியில் முதுகைச் சாய்த்தது.

"டேய்! சத்தியம்டா!"

"முதுகைக் காட்டி நிக்கச் சொன்னீங்க மாமா, நிக்கறேன். கைய வெக்கலை பாருங்க." மாசையன் இரண்டு முன்னங்காலையும் தூக்கிக் காட்டியது. அதைப் பார்த்ததும் மற்றவையும் பின்பக்கமாக நடந்து வந்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அம்மனுக்கு இதில் குறை சொல்ல இடமில்லை என்று பொதுவான கருத்து.

தீர்த்தனுக்குப் பயம் வந்தது. ஆனால் வண்டி நகரவில்லை. ஒன்று அழுத்தும்போது ஒன்று மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கியது அழுத்தும்போது முன்னது வழுக்கி விழுந்தது. பாட்டு இல்லை. எல்லாம் திரும்பித் தீர்த்தனைப் பார்த்தன.

தீர்த்தன் வாயை இறுக்கிக்கொண்டது. வெள்ளச்சியை நினைத்துக்கொண்டது. ஆளவந்தார் படிவத்தில் தேதியை எழுதிவிட்டார். 'செல்ல' என்ற வார்த்தையையும் எழுதிவிட்டார். இன்னும் ஒரே ஒரு வார்த்தைதான்.

அப்போது ஒரு மலையணில், இளரத்தம், தானே பாட்டை எடுத்தது.

"தோளக் குடு ஏலேசா... தோ-ளக்... குடு ஏலே..."

கேட்கச் சகிக்கவில்லை. மூச்சு விட வேண்டிய இடத்தில் இழுத்தது; அழுத்த வேண்டிய இடத்தில் விட்டது. மாசையன் களியில் குப்புற விழுந்தது. இரண்டு சருகுமான்கள் மேலே விழுந்தன.

"அங்க இல்லடா!" என்றது தீர்த்தன். வாய் தானாகத் திறந்துவிட்டது.

"வேற எங்க மாமா?" என்றது அணில்.

"மூச்சு வாங்கினதுக்கு அப்புறம்."

"இப்படியா? தோளக்... ஏலே..."

இருபத்திரண்டு வருடம், வருடத்துக்கு ஒருமுறை, பிழையில்லாமல் மனு எழுதிய விலங்கு அது. கண் முன்னால் ஒன்றைத் தப்பாகச் செய்தால் அதனால் பொறுக்க முடியாது. ஒரே ஒரு தடவை, எப்படி என்று காட்டுவதற்காக மட்டும், மேட்டில் நிமிர்ந்து நின்று சொன்னது:

"தோளக் குடு!"

"ஏலேசா!"

வண்டி அரை முழம் எழும்பியது.

"துணிஞ்சு குடு!"

"ஏலேசா!"

குட்டிக்கொம்பன் களியை விட்டு வெளியே வந்துவிட்டது. விலையைக் குறைப்பதற்காகக் கம்பெனி தகட்டைக் குறைத்திருந்தது. வண்டி அவ்வளவு லேசு. பழைய ஜீப்புகளைக் கீழே பார்த்து மட்டுமே தள்ளிப் பழகியவை, இதை மேலே பார்த்துத் தள்ளின. ஆறாம் வளைவில் நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. பாட்டு நடுவில் இருந்தது. பாட்டை நடுவில் நிறுத்தினால் ஊருக்கு ஆகாது. ஏழாம் வளைவு தாண்டி, கரட்டம்மன் கோயில் வாசலில், அம்மனுக்கு நேர் எதிரே கொண்டு நிறுத்தின.

நிறுத்திய பிறகுதான் தீர்த்தனின் பாட்டு நின்றது. பன்னிரண்டு மணி ஐந்து நிமிடம். மழையும் அப்போதுதான் விட்டது.

காகம் படம் எடுத்தது. "கொஞ்சம் விலகி நில்லுங்க, வண்டி மறையுது" என்று சொல்லி, சேற்றில் நனைந்திருந்த நாற்பது குடும்பத்தையும் ஓரமாக ஒதுக்கியது. நவநீதன் இறங்கி டையைச் சரி செய்துகொண்டது.

தீர்த்தன் ஆளவந்தாரிடம் ஓடியது. முதுகு ரசீதெல்லாம் மழையில் ஊறியிருந்தன. "சாமி, வண்டி தானா ஏறலீங்க. நாங்கதான் தள்ளினோமுங்க. நீங்களே உள்ள உக்காந்து பாத்தீங்க."

"பாத்தேன். ரொம்ப நல்லாத் தள்ளினீங்க. ஒரு குலுக்கல் தெரியணுமே!"

"அப்ப ஏறலேன்னு எழுதுங்க."

ஆளவந்தார் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "இங்க பாருங்க. 'வாகனம் செல்ல இயலுமா?' அவ்வளவுதான் கேள்வி. பதில் எழுத ஒரு கட்டம். இயலும், இல்லேன்னா இயலாது. எப்படின்னு கேக்க கட்டம் இல்லை. இருந்தா எழுதமாட்டேனா?"

"கட்டம் போட்டுக்கலாங்களே?"

"அதுக்கு நீங்க தனியா ஒரு மனுக் குடுக்கணும்."

'செல்ல' என்று எழுதியிருந்த இடத்தில் 'இயலும்' என்று சேர்த்து, பக்கத்தில் மணியைக் குறித்தார். பிறகு, இறங்குகிற வழியில் அதே இடத்தில் சிக்கினால் ஆள் வேண்டுமே என்று கேட்டார். கூடவே இறங்கி வருவதாக மாசையன் சொன்னது.

தீர்த்தன் வீட்டுக்குப் போனது. வெள்ளச்சி வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது.

"அப்பா, பாட்டு இங்க வரைக்கும் கேட்டுது" என்றது. "குரல் நல்லா எடுத்திருந்துச்சு."

தீர்த்தன் முதுகை உதறி ரசீதுகளின் ஈரத்தை வடித்தது.

"அந்தக் கடைசி ரெண்டு வளைவுல இன்னும் கொஞ்சம் நிதானமாப் பாடியிருக்கலாம். வேகமாப் பாடினா அவங்களுக்கு மூச்சு வாங்காது?"

"விடு புள்ள."

"நான் விட்டுட்டேன்ப்பா. இது விடணுமே" என்று வயிற்றைக் காட்டியது.

குட்டிக்கொம்பனின் விளம்பரம் அடுத்த வாரம் காடு முழுக்க ஒட்டப்பட்டது. கோயில் வாசலில் வண்டி தனியாக நிற்கிற படம். 'மேல்கரட்டையே தொட்டவன்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. 'உள்ளூர் ஒத்துழைப்புக்கு உட்பட்டது' என்று சிறிய எழுத்தில் இருந்தது. சிறிய எழுத்தைப் படிக்க வேண்டுமானால் எறும்பாக இருக்க வேண்டும். எறும்புகள் வண்டி வாங்குவதில்லை.

முதல் மாதத்திலேயே நானூறு வண்டி விற்றது. எழுபத்தாறாவது வண்டியை ஆளவந்தார் வாங்கினார். மேல்கரட்டுச் சாலைக்கு வந்த நிதி, விதிப்படி திரும்பிப் போகாமல், மைதானத்திலிருந்து ஷோரூம்வரை இருந்த நல்ல சாலையை இன்னும் நல்ல சாலையாக்கப் பயன்பட்டது. விழாவில் முதலில் முன்பதிவு செய்த முயல் அதில் தினமும் போய்வந்தது. நெம்புகோலைத் தொட்டதே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்கு வெள்ளச்சியைத் தூளியில் வைத்து எட்டு விலங்குகள் மேல்கரட்டிலிருந்து இறக்கின. மழை பெய்தது. மூன்றாம் வளைவில் ஆளவந்தாரின் குட்டிக்கொம்பன் மேலே பார்த்துச் சிக்கி நின்றது. 'வாகனம் சென்றுவருவதால் சாலை தேவையில்லை. மனு எண் 23 முடித்துவைக்கப்பட்டது' என்ற ஆணையை நேரில் கொடுக்க அவர் வந்துகொண்டிருந்தார். வெள்ளச்சியை வண்டியில் ஏற்றிக்கொள்ள முடியுமா என்று தீர்த்தன் கேட்டது. அலுவல் முடிந்து இறங்கும்போது ஏற்றிக்கொள்வதாக அவர் சொன்னார். எட்டு விலங்குகளும் தூளியை ஒரு பாறையடியில் இறக்கி வைத்துவிட்டு வண்டியைத் தள்ளின. தீர்த்தன் பாட்டுக் கொடுத்தது. நான்காவது 'ஏலேசா'வில் வண்டி கிளம்பியது. ஐந்தாவதில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

நீதி: ஒற்றுமையே வலிமை. ஒற்றுமையாக இருக்கும் ஊருக்குச் சாலை போட வேண்டியதில்லை.